ஒரே உலாவியில் மூன்று மின்னஞ்சல் கணக்குகளும் நாட்காட்டிகளும்: குழப்பமின்றிக் கையாள வழி உண்டா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் இயங்கிவரும் ஒரு சிறிய புலமைப்பரிசில் நிதியத்தின் செயலாளர் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இதனால் என் சொந்த ஜிமெயில் கணக்கு, நிதியத்தின் ஜிமெயில் கணக்கு, நான் பணியாற்றும் அலுவலகத்தின் அவுட்லுக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒரே மடிக்கணினியில், குரோம் உலாவி வழியாகவே பயன்படுத்தி வருகிறேன். மூன்றுக்கும் தனித்தனி நாட்காட்டிகளும் உண்டு.

நிதியத்தின் முகவரிக்கு வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்கி ஒரு நிகழ்வை நாட்காட்டியில் சேர்த்தால், அது பெரும்பாலும் என் சொந்த நாட்காட்டியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடுத்ததாக, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஞாயிறு மாலை 7 மணிக்கு நடைபெறும் அறங்காவலர் கூட்டத்தில் இலண்டனிலிருந்து ஒருவரும் ரொறன்ரோவிலிருந்து ஒருவரும் இணைகிறார்கள். நாட்காட்டியில் அந்தத் தொடர் அழைப்பை உருவாக்கியவர் இலண்டன் அறங்காவலர். மார்ச், ஒக்ரோபர் மாதங்கள் வந்தால் யாரேனும் ஒருவர் ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வருவது வழமையாகிவிட்டது. நாட்காட்டி காட்டும் நேரம் ஒன்று, நாங்கள் பேசிவைத்த நேரம் வேறொன்று.

நிதியத்தின் கணக்கை நானும் பொருளாளரும் ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு திறக்கிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். பொருளாளர் வயதில் மூத்தவர். உலாவியில் மட்டுமே பழகியவர். ஆகவே புதிய மென்பொருள் எதையும் நிறுவச் சொல்லாமல், உலாவிக்குள்ளேயே செய்யக்கூடிய வழிகளைக் கூறினால் பேருதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

வணக்கம். தாங்கள் கூறும் முதலாவது சிக்கலின் காரணம், ஒரே உலாவிச் சாளரத்தில் இரண்டு கூகுள் கணக்குகளுக்குள் ஒருங்கே உள்நுழைந்திருப்பதுதான். ஜிமெயிலைத் திறந்து முகவரிப் பட்டையைக் கவனித்தால், ஒரு கணக்கில் 0 என்ற இலக்கமும் மற்றதில் 1 என்ற இலக்கமும் சாய்வுக்கோடுகளுக்கு இடையே தெரியும். அந்த உலாவியில் முதலில் உள்நுழைந்த கணக்குக்கு 0 கிடைக்கிறது. அதையே கூகுள் இயல்பான கணக்காகக் கொள்கிறது. எந்தக் கணக்கு என்று குறிப்பிடாத ஓர் இணைப்பைச் சொடுக்கும்போது, அது எந்தக் கணக்கின் மின்னஞ்சலில் இருந்தாலும், இயல்பான கணக்கின் நாட்காட்டியே திறக்கிறது. தங்கள் சொந்தக் கணக்கு முதலில் நுழைந்திருக்கிறது. ஆகவே எல்லாம் அங்கே போகின்றன.

எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி நிதியத்தின் கணக்கினுள் முதலில் நுழைந்தால் இந்த வரிசை மாறும். ஆயினும் அப்போது சொந்த நிகழ்வுகள் நிதியத்தின் நாட்காட்டிக்குப் போகத் தொடங்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குரோமின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள வட்டப் படத்தைச் சொடுக்கி, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு சுயவிவரத்தை உருவாக்குவதே நிலையான தீர்வு. ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தனியான குக்கிகள் (எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறோம் என்பதை நினைவில் வைக்கும் சிறு கோப்புகள்), தனியான புத்தகக்குறிகள், தனியான வரலாறு, தனியான நீட்சிகள், தனியாகச் சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும். நிதியத்தின் சுயவிவரத்தில் நிதியத்தின் கணக்கு ஒன்றே உள்நுழைந்திருக்குமாயின், அங்கே சொடுக்கும் எந்த இணைப்புக்கும் போவதற்கு வேறு நாட்காட்டி இராது. எட்ஜ் உலாவியிலும் இதே வசதி உண்டு. பயர்பொக்ஸ் பாவிப்பவர்கள், மொசில்லாவே வெளியிட்டுள்ள கொள்கலன் நீட்சியைச் சேர்த்து, ஒரே சாளரத்தில் வெவ்வேறு தாவல்களை வெவ்வேறு கணக்குகளுக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் தாவலின் மேலுள்ள மெல்லிய நிறக்கோட்டைப் பார்த்துத்தான் கணக்கை அடையாளம் காண வேண்டியிருக்கும் என்பதால், மூத்த பொருளாளர் ஒருவருக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

சுயவிவரம் ஒவ்வொன்றுக்கும் நன்கு வேறுபட்ட நிறம் ஒன்றைக் கொடுங்கள். நிதியம் பச்சை, அலுவலகம் நீலம் என்று ஒருமுறை கண் பழகிவிட்டால், தவறான கணக்கிலிருந்து பதில் அனுப்பும் ஆபத்து வெகுவாகக் குறையும். நிதியத்தின் சுயவிவரத்தில் மின்னஞ்சல், நாட்காட்டி ஆகிய இரு தாவல்களையும் பொருத்தி வைத்து, உலாவி திறக்கும்போதே அவை திறக்கும்படி அமைத்துக்கொள்வது நன்று.

கடவுச்சொல்லைப் பகிர்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஜிமெயில் அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதிக்குச் சென்றால், தங்கள் கணக்கை அணுக இன்னொருவருக்கு அனுமதி அளிக்கும் வசதி இருக்கிறது. இதனை உலாவியிலிருந்துதான் அமைக்க முடியும். கைத்தொலைபேசிச் செயலியில் முடியாது. பொருளாளர் தமது சொந்தக் கணக்கில் இருந்தபடியே நிதியத்தின் மின்னஞ்சல்களைப் படிக்கலாம், பதில் அனுப்பலாம். ஆனால் கடவுச்சொல்லை மாற்ற முடியாது. நாட்காட்டியை இதேபோல் தனியாகப் பகிர வேண்டும். அங்கே பார்க்க மட்டும் அனுமதிப்பதா, நிகழ்வுகளை மாற்றவும் அனுமதிப்பதா என்பதைத் தெரிவு செய்யலாம். பொறுப்பில் இருப்பவர் மாறும்போது அனுமதியை நீக்கினால் போதும், கடவுச்சொல்லை மாற்றி எல்லோருக்கும் அறிவிக்கும் அலைச்சல் இல்லை.

பழைய மாணவன் எழுதியது:

நேரச் சிக்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இது பலரும் நினைப்பதுபோல் நாட்காட்டியின் கோளாறன்று.

இணைய நாட்காட்டி ஒரு தொடர் நிகழ்வைச் சேமிக்கும்போது, நேரத்தோடு ஒரு நகரத்தின் நேர வலயத்தையும் சேர்த்தே சேமிக்கிறது. நிகழ்வை உருவாக்கியவரின் நாட்காட்டி எந்த வலயத்தில் அமைந்திருந்ததோ அதுவே அத்தொடரின் அடிப்படையாகிறது. அவ்வலயத்தில் நேரம் அசையாது, மற்ற நாடுகளில் அசையும். தங்கள் அழைப்பை இலண்டன் அறங்காவலர் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30 என்று உருவாக்கியிருப்பார் என ஊகிக்கிறேன். அப்போது கொழும்பில் மாலை 7 மணி. மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுகிறார்கள். இலங்கையில் அந்த வழக்கம் இல்லாததால், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமாக இருந்த வித்தியாசம் நான்கரையாகச் சுருங்குகிறது. இலண்டனில் அதே 1.30 ஆக இருக்கும் கூட்டம் கொழும்பு நாட்காட்டியில் மாலை 6 மணிக்கு இடம்பெயர்கிறது. தாங்களோ பேசிவைத்தபடி 7 மணிக்கு வருகிறீர்கள். ஒக்ரோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு வரை இது தொடரும்.

ரொறன்ரோவின் நிலை இன்னும் சிக்கலானது. அங்கே கடிகாரம் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று முன்னே போய், நவம்பர் முதலாம் ஞாயிறன்று பின்னே வருகிறது. ஆகவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே வழமையான ஐந்து மணித்தியால வித்தியாசம் நான்காகி விடும். இலண்டன் நேரத்தில் அமைந்த தங்கள் கூட்டம் ரொறன்ரோ அறங்காவலருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் காலை 8.30, அந்த இடைவெளி வாரங்களில் மட்டும் 9.30. பாவம், அவர்தான் அதிகம் குழம்பியிருப்பார்.

கூட்டம் கொழும்பு நேரப்படி நடப்பதென்று அறங்காவலர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டும். அதன் பிறகு இலண்டன் அறங்காவலர் தாம் உருவாக்கிய தொடரை உலாவியில் திறந்து, நேரத்தின் அருகில் இருக்கும் நேர வலயம் என்ற இணைப்பைச் சொடுக்கி, கொழும்பைத் தெரிவு செய்து, நேரத்தை மாலை 7 என மாற்றி, இதற்கும் இதன் பின் வரும் நிகழ்வுகளுக்கும் என்ற தெரிவுடன் சேமித்தால் போதும். நிதியத்தின் கணக்கிலிருந்து புதிய தொடர் ஒன்றை உருவாக்கி, பழையதை அவரைக் கொண்டே முடித்துவைப்பது இன்னும் சிறந்தது. நிதியத்தின் கூட்டம் நிதியத்தின் கணக்குக்கு உரியதாக இருப்பதே முறை, நாளை அறங்காவலர் மாறினாலும் தொடர் மாறாது. அதன் பின்னர் இலண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30, கோடையில் 2.30, ரொறன்ரோவில் காலை 8.30, கோடையில் 9.30. அசைவு அவர்கள் பக்கம் போய்விடும். கடிகாரம் மாறும் நாட்டில் வாழ்பவர்கள் அத்தகைய அசைவை எதிர்பார்த்தே இருப்பார்கள்.

நேர வலயத்தைத் தெரிவு செய்யும்போது கொழும்பு என்ற பெயரையே தெரிவு செய்யுங்கள். இன்றைக்குக் கொழும்பும் கொல்கத்தாவும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே என்ற ஒரே கணக்கில்தான் நிற்கின்றன. ஆயினும் எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996 மே மாதத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் இலங்கைக் கடிகாரம் அந்த ஐந்தரையிலிருந்து ஆறரை மணித்தியாலத்துக்கு முன்னேறியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆறுக்கு இறங்கியது. 2006 ஏப்ரலில், புத்தாண்டை ஒட்டி, மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. அரசாங்கம் மறுபடியும் அவ்வாறு ஒரு முடிவெடுத்தால், கொழும்பின் பெயரில் பதிந்த நிகழ்வுகள் மென்பொருள் இற்றைப்படுத்தப்பட்டவுடன் தாமாகவே சரியாகும். இந்திய நகரத்தின் பெயரில் பதிந்தவை அப்படியே நிற்கும். அவுட்லுக்கிலும் விண்டோஸிலும் கொழும்பைத் தேடினால் கிடைக்காது. அங்கே ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற பெயரில் அதே ஐந்தரை வலயம் சென்னை, கொல்கத்தா வரிசைக்குத் தனியாக இருக்கிறது. அதையே தெரிவு செய்ய வேண்டும்.

கூகுள் நாட்காட்டியின் அமைப்புகளில் இரண்டாவது நேர வலயத்தைக் காட்டும் வசதியும் உலகக் கடிகாரமும் உள்ளன. இலண்டனை இரண்டாவது வலயமாகவும் ரொறன்ரோவை உலகக் கடிகாரத்திலும் வைத்துக்கொண்டால், கூட்டத்தை மாற்றும் சமயங்களில் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. விண்ணப்பம் ஏற்கும் கடைசி நாள் போன்றவற்றை முழுநாள் நிகழ்வாகப் பதிந்தால், அது எந்த நாட்டிலும் அதே திகதியில்தான் தெரியும்; நள்ளிரவு 12 மணியோடு இணையப் படிவம் மூடப்படுமாயின் அதற்கு மட்டும் மணியையும் வலயத்தையும் குறிப்பிட்டுத் தனி நிகழ்வு போடுங்கள்.

கடற்கரைவீதி எழுதியது:

கொட்டாஞ்சேனையான் அண்ணாவின் கருத்தோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் சுயவிவரத்தைப் பாதுகாப்பு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அது திரைச்சீலையே தவிரப் பூட்டிய கதவன்று. மடிக்கணினியைத் திறந்தவர் எவரும் வட்டப் படத்தைச் சொடுக்கி அடுத்த சுயவிவரத்துக்குள் போய்விடலாம். வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியைப் பாவிப்பார்களாயின், விண்டோஸிலேயே அவர்களுக்குத் தனிக் கணக்கு உருவாக்குவதுதான் பொருத்தமானது. வெளியிடத்துக் கணினியில் மின்னஞ்சலைப் பார்க்க நேர்ந்தால் குரோமில் விருந்தினர் சாளரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். வெளியேற மறந்தோமோ என்ற ஐயம் பிறகு எழுந்தால், உலாவியில் ஜிமெயிலின் அடிப்பகுதியில் கடைசிச் செயற்பாடு பற்றிய விவரம் இருக்கும். அதைத் திறந்து மற்ற இடங்களில் எல்லாம் வெளியேற்றிவிட முடியும்.

இணைப்பில்லா நிலையில் மின்னஞ்சலைப் படிக்கும் வசதியையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். ஜிமெயில் அமைப்புகளில் அதனை இயக்கினால், 7, 30 அல்லது 90 நாட்களுக்குரிய மின்னஞ்சல்கள் கணினியிலேயே சேமிக்கப்படும். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில், மடிக்கணினியில் மின்கலம் இருந்தும் இணையம் இல்லாமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்போது எழுதும் பதில்கள் காத்திருந்து, இணைப்பு வந்ததும் தாமாகவே போய்விடும். நாட்காட்டியை இணைப்பின்றிப் பார்க்கலாம், நிகழ்வுகளை மாற்ற முடியாது. பலர் பாவிக்கும் கணினியில் இந்த வசதியை ஒருபோதும் இயக்காதீர்கள்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சுயவிவரங்களைப் பிரித்துவிட்டேன், நிதியத்தின் அழைப்புகள் இப்போது நிதியத்தின் நாட்காட்டிக்கே வருகின்றன. நேர வலயத்தைப் பற்றிய விளக்கத்தை இலண்டனுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. கூட்டத்துக்குப் பத்து நிமிடங்களுக்கு முன் நினைவூட்டல் வர வேண்டும் என அமைத்திருந்தும் கணினித் திரையில் எதுவும் தோன்றுவதில்லை. அத்துடன், விண்ணப்பப் படிவங்களில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் ஜிமெயில் திறக்காமல், நான் பாவிக்காத விண்டோஸ் மின்னஞ்சல் செயலி திறந்து கணக்கை அமைக்கச் சொல்கிறது. இதனை எங்கே மாற்றுவது?

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

நினைவூட்டல் திரையை அடைவதற்கு முன் மூன்று இடங்களில் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. நாட்காட்டியின் அமைப்புகளில் அறிவித்தல்கள் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். குரோமில், முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னத்தைச் சொடுக்கினால் தெரியும் தள அனுமதிகளில், அந்தத் தளத்துக்கு அறிவித்தல் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் அமைப்புகளில் குரோமின் அறிவித்தல்கள் தடுக்கப்படாமலும், தொந்தரவு செய்யாதே என்ற நிலை அணைந்தும் இருக்க வேண்டும். புதிய சுயவிவரத்தில் தள அனுமதிகள் வெறுமையாகவே தொடங்கும் என்பதால், பழைய சாளரத்தில் கொடுத்த அனுமதி இங்கே செல்லாது. இவை அனைத்தும் சரியாக இருந்தாலும், நாட்காட்டி ஒரு தாவலில் திறந்திருந்தால்தான் கூகுள் நாட்காட்டியின் நினைவூட்டல் உலாவி வழியாக வரும். தாவலைப் பொருத்தி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நினைவகத்தைச் சேமிப்பதற்காக உலாவிகள் பாவனையில் இல்லாத தாவல்களை உறங்க வைக்கின்றன. குரோமின் செயற்றிறன் அமைப்புகளில், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியலில் நாட்காட்டியின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள். எட்ஜிலும் இத்தகைய பட்டியல் உண்டு. முக்கியமான கூட்டங்களுக்கு மின்னஞ்சல் வழி நினைவூட்டல் ஒன்றையும் கூடுதலாகச் சேர்த்து வைப்பது என் வழக்கம்.

மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்குவது பற்றிய சிக்கலை இரண்டு படிகளில் தீர்க்கலாம். முதலில், நிதியத்தின் சுயவிவரத்தில் ஜிமெயிலைத் திறந்து, முகவரிப் பட்டையின் வலப்பக்கத்தில் தோன்றும் இரட்டைச் சாய்சதுரச் சின்னத்தைச் சொடுக்கி, மின்னஞ்சல் இணைப்புகளை ஜிமெயிலில் திறக்க அனுமதியுங்கள். அச்சின்னம் தோன்றாவிடின், தள அமைப்புகளில் நெறிமுறை கையாளிகள் என்ற பகுதியில் அந்த வசதி முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இதனால் இணையப் பக்கங்களில் உள்ள முகவரிகள் சரியாகும். வேர்ட், பீடிஎஃப் கோப்புகளில் உள்ளவை சரியாக வேண்டுமாயின், விண்டோஸ் அமைப்புகளில் இயல்பான செயலிகள் என்ற பகுதியில் மின்னஞ்சல் இணைப்புகளுக்கு உரிய செயலியாகக் குரோமைக் குறிக்க வேண்டும். அப்போது இணைப்பானது கடைசியாகப் பாவித்த சுயவிவரத்தின் சாளரத்திலேயே திறக்கும். ஆகவே படிவத்தைச் சொடுக்குவதற்கு முன் பச்சைச் சாளரத்தை ஒருமுறை முன்னே கொண்டுவந்துவிடுங்கள். இது சற்று எரிச்சலூட்டும் ஏற்பாடுதான்.

நூலகமேசை எழுதியது:

அக்காவுக்கு இன்னும் சில குறிப்புகள். நிதியத்தின் முகவரி விளம்பரங்களில் வெளியாவதாயின், அறிமுகமற்றவர்கள் அனுப்பும் போலி அழைப்புகளும் நாட்காட்டியில் வந்து குந்திக்கொள்ளும். கூகுள் நாட்காட்டியின் நிகழ்வு அமைப்புகளில், அனுப்புநர் அறிமுகமானவராயின் மட்டுமே அழைப்புகளைச் சேர்க்கும்படி செய்யும் தெரிவு இருக்கிறது. அத்தகைய நிகழ்வொன்றில் உள்ள இணைப்பைச் சொடுக்கி உள்நுழைவுப் பக்கம் திறந்தால், உலாவி சேமித்து வைத்த கடவுச்சொல்லைத் தானாக நிரப்புகிறதா என்று கவனியுங்கள். வழமையாக நிரப்பும் உலாவி அங்கே பேசாமல் இருக்குமாயின், முகவரி வேறாக இருக்கக்கூடும். அப்படியான வேளைகளில் கையால் தட்டச்சுச் செய்யாமல், தாவலை மூடிவிட்டுப் புத்தகக்குறி வழியாக உள்ளே போங்கள்.

ஜிமெயிலில் தமிழ்ச் சொற்களைத் தேடும்போது, தேடல் முழுச் சொற்களையே பொருத்திப் பார்க்கிறது என்பதை நினைவில் வைத்திருங்கள். விண்ணப்பம் என்று தேடினால் விண்ணப்பத்தை, விண்ணப்பங்களுக்கு என்று எழுதப்பட்டவை அகப்படாமல் போகலாம். வேற்றுமை உருபேறிய வடிவங்களை எல்லாம் இட்டுத் தேடுவதைவிட, நிதியத்தின் கடிதங்கள் அனைத்துக்கும் தலைப்பில் ஆண்டையும் ஒரு குறியீட்டையும் மாறாமல் எழுதி, வடிகட்டி மூலம் சிட்டையொன்றை ஒட்டிவிடுவது எளிது.

விடுமுறைகளுக்கு, நாட்காட்டியில் ஆர்வமுள்ள நாட்காட்டிகளை உலாவும் பகுதியில் இலங்கையைத் தெரிவு செய்தால் போயா தினங்களும் தைப்பொங்கலும் தீபாவளியும் வந்துவிடும். எவரேனும் விடுமுறைப் பட்டியலைக் கோப்பாக அனுப்பி அதனை இறக்குமதி செய்தால், அது அன்றைய நிலையோடு நின்றுவிடும். முகவரியைக் கொண்டு இணைந்த நாட்காட்டியில்தான் பின்னர் செய்யப்படும் மாற்றங்கள் வந்து சேரும், அதுவும் சில மணித்தியாலங்கள் கழித்து. பிறை பார்த்து முடிவாகும் நோன்புப் பெருநாளை ஒட்டிக் கூட்டம் வைப்பதாயின், நாட்காட்டியில் தெரியும் திகதியை முன்கூட்டியே உறுதியாகக் கொள்ளாமல், அந்த வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.